புது டயர் முன்னாலா, பின்னாலா?

மழைக்காலம் நெருங்கும்போது முகப்பேர், பாடி, அம்பத்தூர் பக்கத்து டயர் கடைகளில் அடிக்கடி காதில் விழும் பேச்சு ஒன்று உண்டு. காரின் முன் டயர் இரண்டும் மொட்டையாகிவிட்டன. பின்னால் இருப்பவற்றில் இன்னும் கொஞ்சம் பட்டன் மிச்சமிருக்கிறது. நான்கையும் ஒரே நேரத்தில் மாற்றக் கையில் காசு இல்லை. "ரெண்டு மட்டும் போட்டுக்கறேன்" என்கிறார் வண்டிக்காரர். கடைக்காரர் உடனே ஜாக்கியை முன்பக்கம் தள்ளுகிறார். "முன்னாடியே போட்டுடலாம் சார். வண்டியை இழுக்கறது முன்வீல், திரும்பறது முன்வீல், பிரேக்கும் அதுலதான் ஜாஸ்தி. நல்ல டயர் அங்கதானே இருக்கணும்?"

அவர் சொன்னதில் ஒரு வார்த்தைகூடப் பொய்யில்லை. முடிவு மட்டும் தப்பு. மிச்லின், பிரிட்ஜ்ஸ்டோன், கான்டினென்டல் போன்ற பெரிய டயர் நிறுவனங்கள் எல்லாம் இந்த ஒரு விஷயத்தில் ஒரே பேச்சு பேசுகின்றன: இரண்டு டயர்தான் புதிது என்றால் அவை பின்சக்கரத்துக்குப் போக வேண்டும். பின்னால் இருந்த சுமாரான டயர்கள் முன்னால் வர வேண்டும். மாருதியோ ஹூண்டாயோ, முன்சக்கரம் இழுக்கும் காராக இருந்தாலும் இதேதான்.

இது ஏன் என்று புரிய, காருக்கும் தார் ரோட்டுக்கும் இடையே நடப்பதைக் கொஞ்சம் குனிந்து பார்க்க வேண்டும்.

உள்ளங்கையளவு ரப்பர்

ஆட்களோடு சேர்த்து 1000 கிலோ எடையுள்ள ஒரு சின்னக் காரை எடுத்துக்கொள்வோம். டயர் ஒன்றுக்கு 250 கிலோ. காற்று 32 பிஎஸ்ஐ பிடித்திருக்கிறது. அதாவது ஒரு சதுர சென்டிமீட்டருக்கு ஏறக்குறைய இரண்டேகால் கிலோ அழுத்தம். 250 கிலோவைத் தாங்க இந்த அழுத்தத்துக்கு எத்தனை சதுர சென்டிமீட்டர் வேண்டும்? வகுத்துப் பார்த்தால் சுமார் 110. ஓர் உள்ளங்கையளவு இடம். கார் ஓடுவதும் நிற்பதும் வளைவதும் இப்படி நான்கு உள்ளங்கைகளின் தயவில்தான்.

ரோடு காய்ந்திருந்தால் இந்த உள்ளங்கையில் பள்ளமே தேவையில்லை. பந்தயக் கார்கள் வெயில் நாளில் வழவழப்பான டயரோடு ஓடுவது அதனால்தான். பள்ளம் வெட்டினால் தரையைத் தொடும் ரப்பர் குறையும். தொடக்ககாலக் கார் டயர்களும் வழவழப்பாகத்தான் இருந்தன. கோலமிட்ட டயரைக் கான்டினென்டல் நிறுவனம் 1904இல் கொண்டுவந்தது. இன்றைய கார் டயரில் பள்ளங்களின் முதல் வேலை ஒன்றுதான்: தண்ணீரை வெளியேற்றுவது.

அது லேசான வேலையில்லை. ரோட்டில் 3 மி.மீ. தண்ணீர் நிற்கிறது, தரையைத் தொடும் டயர்ப் பரப்பின் அகலம் 12 செ.மீ., வேகம் 80 கி.மீ. என்று வையுங்கள். வண்டி விநாடிக்கு 22 மீட்டர் போகிறது. மூன்றையும் பெருக்கினால், ஒரு டயர் ஒவ்வொரு விநாடியும் சுமார் 8 லிட்டர் தண்ணீரை ஒதுக்கித் தள்ள வேண்டியிருக்கிறது. தொடுபரப்பின் நீளமோ 10 செ.மீ. அளவுதான். அந்த நீளத்தைக் கடக்க ஆகும் நேரம் ஒரு விநாடியில் இருநூறில் ஒரு பங்குக்கும் குறைவு. அதற்குள் தண்ணீர் பள்ளத்துக்குள் ஏறி, பக்கவாட்டில் வெளியேறி, ரப்பர் தாரைத் தொட்டாக வேண்டும்.

புதுக் கார் டயரில் இந்தப் பள்ளம் ஏறக்குறைய 8 மி.மீ. ஆழம் இருக்கும். சட்டப்படி 1.6 மி.மீ. வந்துவிட்டால் டயர் கழித்துக்கட்ட வேண்டியது. இதைப் பார்க்கக் கருவி எதுவும் வேண்டாம். டயரின் பக்கச் சுவரில் விளிம்பை ஒட்டி 'டிடபிள்யூஐ' என்ற மூன்று எழுத்தோ சிறு முக்கோணமோ இருக்கும். அதற்கு நேராகப் பள்ளத்துக்குள் பார்த்தால் குறுக்கே சின்ன ரப்பர் மேடு ஒன்று தெரியும். சுற்றியுள்ள ரப்பர் தேய்ந்து அந்த மேட்டோடு சமமாகிவிட்டால் கதை முடிந்தது. ஆனால் மழைக்கான கதை அதற்கு வெகு முன்பே முடியத் தொடங்குகிறது. 3 மி.மீ. பள்ளத்தில் அடங்கும் தண்ணீரும் 8 மி.மீ. பள்ளத்தில் அடங்கும் தண்ணீரும் ஒன்றா?

ஓடுபாதையில் கிடைத்த கணக்கு

டயரால் தண்ணீரை வெளியேற்ற முடியாவிட்டால், தண்ணீர் டயரைத் தூக்கிவிடும். முன்னால் ஆப்புபோல் புகும் நீரின் அழுத்தம் டயரின் காற்றழுத்தத்தை எட்டும்போது ரப்பர் தரையை விட்டு எழும்பி நீர்மேல் மிதக்கும். இதை முறையாக அளந்தவர்கள் கார்க்காரர்கள் அல்லர், விமானக்காரர்கள். ஜெட் விமானங்கள் ஈர ஓடுபாதையில் இறங்கிப் பிரேக் பிடிக்காமல் வழுக்கிச் சென்றதைப் பற்றி அமெரிக்காவின் நாசா லாங்லி ஆய்வு மையம் ஆராய்ந்தது. வால்ட்டர் ஹார்ன், ராபர்ட் ட்ரெஹர் இருவரும் 1963இல் அதன் முடிவுகளை வெளியிட்டார்கள். அவர்கள் கண்ட விசித்திரங்களில் ஒன்று: முழுதாக மிதக்கும் டயர், பிரேக்கே போடாதபோதும் சுழல்வதை நிறுத்திவிடக்கூடும். விமானம் பறக்கும் வேகத்தில் முன்னே போகிறது, சக்கரமோ நின்றுவிட்டது.

அவர்கள் தந்த சூத்திரம் மனக்கணக்காகவே போடக்கூடியது. காற்றழுத்தத்தை பிஎஸ்ஐ கணக்கில் எடுத்து, அதன் வர்க்கமூலத்தை 16.65ஆல் பெருக்கினால் டயர் மிதக்கத் தொடங்கும் வேகம் கி.மீ. கணக்கில் கிடைக்கும். 32 பிஎஸ்ஐக்குச் சுமார் 94 கி.மீ. காற்று இறங்கி 24 ஆகிவிட்டால் 82 கி.மீ. பெட்ரோல் பங்கில் காற்று பார்க்கச் சோம்பல்பட்டதற்கு மழை நாளில் 12 கி.மீ. அபராதம்.

சூத்திரத்தில் வண்டியின் எடை இல்லை என்பதைக் கவனியுங்கள். எடை கூடினால் தரையைத் தொடும் பரப்பும் சேர்ந்தே கூடிவிடுவதால், அழுத்தம் மாறுவதில்லை. நொளம்பூரை ஒட்டிப் போகும் சென்னை பைபாஸில் கொட்டும் மழையில் நாம் தடுமாறும்போது, சரக்கு லாரி ஒன்று தண்ணீரைக் கிழித்துக்கொண்டு நம்மைத் தாண்டிப் போகும். அதன் டயரில் 100 பிஎஸ்ஐக்கும் மேல் காற்று. கணக்குப்படி அது மிதக்க 166 கி.மீ. வேகம் வேண்டும்.

இந்தக் கணக்குக்கு ஒரு நிபந்தனை உண்டு. ரோட்டில் நிற்கும் தண்ணீர் டயர்ப் பள்ளத்தை மூழ்கடிக்கும் அளவுக்கு இருக்க வேண்டும். தேய்ந்த டயருக்கு அந்த நிபந்தனை 2 மி.மீ. தண்ணீரிலேயே நிறைவேறிவிடும். புது டயருக்கு அதைப்போல் மூன்று நான்கு மடங்கு தண்ணீர் வேண்டும். ஆகவே, ஒரே காரில் இரண்டு புதுசு, இரண்டு பழசு என்றால், ஒரே மழையில் ஒரு ஜோடி தரையில் இருக்கும்போது இன்னொரு ஜோடி தண்ணீரில் இருக்கும். தண்ணீரில் இருக்கப்போகும் ஜோடி எது என்பதைத்தான் டயர் கடையில் முடிவு செய்கிறோம்.

மூக்கு வழுக்கினால், வால் வழுக்கினால்

பாடி மேம்பாலத்து வளைவுகளிலோ, மதுரவாயலில் பைபாஸுக்கு ஏறி இறங்கும் வளைவுகளிலோ மழை நாளில் போவதாக எண்ணிக்கொள்ளுங்கள். 50 மீட்டர் ஆரமுள்ள வளைவில் நம் 1000 கிலோ கார் 40 கி.மீ. வேகத்தில் திரும்ப, பக்கவாட்டில் ஏறத்தாழ 250 கிலோ எடைக்குச் சமமான விசை வேண்டும். 50 கி.மீ. வேகத்தில் அது 390 கிலோவாகிவிடும். பத்து கி.மீ. கூடியதற்கு ஒன்றரை மடங்கு. முழுவதையும் அந்த நான்கு உள்ளங்கைகள் கொடுக்க வேண்டும்.

டயர் இந்தப் பக்க விசையைத் தருவது ஒரு சிறு கோணலால்தான். சக்கரம் பார்க்கும் திசைக்கும் அது உண்மையில் போகும் திசைக்கும் இடையே சில டிகிரி வித்தியாசம் வந்தால், தரையைப் பிடித்த ரப்பர் முறுக்கிக்கொண்டு காரைப் பக்கவாட்டில் தள்ளும். முன்சக்கரத்துக்கு அந்தக் கோணலை ஸ்டீயரிங் தருகிறது. பின்சக்கரத்தைத் திருப்ப ஸ்டீயரிங் கிடையாது; காரின் உடம்பே கொஞ்சம் சாய்ந்து திரும்பினால்தான் அதற்குக் கோணல் கிடைக்கும்.

இப்போது முன் டயர்கள் பிடி விடுகின்றன என்று வையுங்கள். ஸ்டீயரிங் சட்டென்று லேசாகிவிடும். திருப்பினாலும் கார் நேரே போகப் பார்க்கும். பயந்துபோன ஓட்டுநர் தன்னையறியாமல் ஆக்சிலரேட்டரிலிருந்து காலை எடுப்பார். வேகம் குறைகிறது, எடை முன்பக்கம் சாய்கிறது, முன் டயர் தரையில் அழுந்துகிறது, பிடி திரும்பி வருகிறது. பயிற்சி இல்லாதவருக்கும் இயல்பாக வரும் செயலே இங்கே மருந்தாகிவிடுகிறது. வளைவின் வெளி ஓரத்துக்குக் கொஞ்சம் ஒதுங்கிப் போயிருப்பார், அவ்வளவுதான்.

பின் டயர்கள் பிடி விட்டால் நிலைமை தலைகீழ். முன் டயர்கள் மூக்கை உள்ளே இழுத்துக்கொண்டே இருக்கின்றன. வால் வெளியே வீசுகிறது. வால் வீச வீசக் காரின் கோணம் கூடுகிறது. கோணம் கூடக் கூட மூக்கு இன்னும் உள்ளே திரும்புகிறது. தன்னைத் தானே வளர்த்துக்கொள்ளும் சுழல் இது. ஓட்டுநர் பயந்து காலை எடுத்தாலோ பிரேக் மிதித்தாலோ எடை முன்னால் சாய்ந்து, ஏற்கெனவே பிடியில்லாத பின் டயர் இன்னும் லேசாகும். முன்னால் மருந்தாக இருந்த அதே செயல் இங்கே விஷம். காப்பாற்ற வேண்டுமானால் வால் போகும் பக்கமே ஸ்டீயரிங்கைத் திருப்பி, மிகச் சரியான நொடியில் மீட்டு எடுக்க வேண்டும். பந்தய ஓட்டுநருக்கு அது தொழில். அம்பத்தூர் எஸ்டேட்டில் ஷிப்ட் முடிந்து வீடு திரும்புபவருக்கு அதற்கு நேரமும் கிடையாது, பழக்கமும் கிடையாது.

அம்புக்கு இறகு கட்டுவது பின்முனையில்தான். பறக்கும் அம்பு சற்றுக் கோணினாலும் பின்னால் உள்ள இறகில் காற்று மோதி வாலை மீண்டும் நேராக்கிவிடும். காரின் பின் டயர்கள் செய்வதும் அதுவே. வண்டி லேசாகத் திரும்பியதும் பின் டயரில் கோணல் உண்டாகிறது, கோணல் பக்க விசையைத் தருகிறது, அந்த விசை வாலைப் பழைய இடத்துக்கே தள்ளுகிறது. நேர் ரோட்டில் ஓட்டும்போதும் ஒவ்வொரு நொடியும் இது நடந்துகொண்டிருக்கிறது. நமக்குத் தெரிவதில்லை, ஏனென்றால் நம் கை பிடித்திருப்பது முன்சக்கரத்தை.

டயர் கடை வாதம் சறுக்குவது இங்கேதான். முன் டயர் தன் சங்கடத்தை ஸ்டீயரிங் வழியாக உள்ளங்கைக்குச் சொல்லிவிடும். பின் டயருக்கு அப்படிப் பேச வழியில்லை. அது சொல்வது காதில் விழும்போது கார் ஏற்கெனவே திரும்பியிருக்கும். எச்சரிக்கை வரும் இடத்தில் சுமாரான டயர் இருக்கலாம். எச்சரிக்கையே வராத இடத்தில் நல்ல டயர்தான் இருக்க வேண்டும்.

காற்றழுத்தத்தை நம்பிய கார்

முன்பிடி, பின்பிடி இரண்டுக்கும் உள்ள சமநிலைதான் ஒரு காரின் குணம் என்பதைப் பொறியாளர்கள் 1930களிலேயே பேசத் தொடங்கிவிட்டார்கள். ஜெனரல் மோட்டார்ஸில் இருந்த மாரிஸ் ஓலி அவர்களில் முக்கியமானவர். விமானத்தின் நிலைப்புக்கு எழுதப்பட்ட சமன்பாடுகளைக் காருக்குக் கொண்டுவந்து, அதை முழு அறிவியலாக்கியவர்கள் கார்னெல் விமான ஆய்வகத்தின் வில்லியம் மில்லிகன், லெனார்ட் சீகல் குழுவினர். அவர்களுடைய ஆய்வுரைகள் 1956இல் வந்தன.

டயர் எந்த அளவுக்கு இந்தக் குணத்தை மாற்றும் என்பதற்கு ஷெவர்லே கோர்வேர் சாட்சி. இன்ஜின் பின்னால் இருந்ததால் வால் கனம் மிகுந்த கார் அது. அதன் வால் வீசாமல் இருக்க, முன் டயரில் 15 பிஎஸ்ஐயும் பின் டயரில் 26 பிஎஸ்ஐயும் காற்று வைக்கச் சொன்னது தயாரித்த நிறுவனம். முன் டயரை வேண்டுமென்றே தொளதொளப்பாக்கி, பின் டயருக்கு மேல்கை கொடுக்கும் தந்திரம். காற்றடிக்கும் பையன் வழக்கம்போல நாலுக்கும் ஒரே அளவு அடித்துவிட்டால் தந்திரம் போச்சு. ரால்ஃப் நேடர் 1965இல் வெளியிட்ட கார்ப் பாதுகாப்பு நூலின் முதல் அத்தியாயமே இந்தக் காரைப் பற்றியதுதான். சில பிஎஸ்ஐ வித்தியாசத்துக்கே இப்படியென்றால், முன்னால் 8 மி.மீ., பின்னால் 3 மி.மீ. என்று மழையில் இறங்குவதை என்னவென்று சொல்வது?

"நான் புது டயரை முன்னாடி போட்டுதான் ஓட்டறேன், மழையில சூப்பரா நிக்குது" என்று சொல்பவர்கள் இருக்கிறார்கள். அவர்கள் சொல்வதும் உண்மையே. நேர் ரோட்டில் முன் டயர் தண்ணீரை வாரி ஒதுக்கிவிட, பின் டயர் அந்தத் தடத்திலேயே ஓரளவு உலர்ந்த தாரில் உருண்டு வருகிறது. நேராக ஓட்டிப் பிரேக் பிடித்தால் புது டயர் முன்னால் இருக்கும் கார் சீக்கிரம் நிற்கக்கூடும். ஆனால் வளைவில் பின்சக்கரம் முன்சக்கரத்தின் தடத்திலேயே போவதில்லை. விலகிப்போய் ஒதுக்கப்படாத தண்ணீரில் கால் வைக்கிறது. நேர் ரோட்டில் மெச்சிக்கொண்ட டயர், பிடி மிகவும் தேவைப்படும் வளைவில் காலை வாரிவிடும்.

இப்போதைய கார்கள் சிலவற்றில் மின்னணு நிலைப்புக் கட்டுப்பாடு இருக்கிறது. வால் வீசுவதை உணர்ந்து ஏதாவது ஒரு சக்கரத்துக்கு மட்டும் பிரேக் கொடுத்துக் காரை நேராக்கும். பெரிய உதவிதான். ஆனால் அந்தப் பிரேக்கும் டயர் தரையைத் தொட்டால்தானே வேலை செய்யும்? தண்ணீரில் மிதக்கும் ரப்பருக்கு எந்தக் கணினியாலும் பிடி கொடுக்க முடியாது.

அம்பாசிடர் போனது, தர்க்கம் நின்றது

முகப்பேரைச் சுற்றியுள்ள ஊர்களுக்குச் சக்கரம் புதிதல்ல. பாடியில் வீல்ஸ் இந்தியா சக்கரம் செய்கிறது, பிரேக்ஸ் இந்தியா பிரேக் செய்கிறது. இரண்டும் 1960களின் தொடக்கத்தில் வந்தவை. அம்பத்தூரில் டன்லப் டயர் ஆலை இருந்தது. வடக்கே திருவொற்றியூரில் மாம்மன் மாப்பிள்ளை 1946இல் பலூன் செய்யத் தொடங்கிய கொட்டகைதான் பின்னாளில் எம்ஆர்எஃப் ஆனது. அந்த நிறுவனம் 1952இல் இறங்கிய தொழிலே, தேய்ந்த டயருக்கு மேல் ஒட்டும் ரீட்ரெட் ரப்பர்.

அந்தக் காலத்து ரோடுகளில் ஓடிய அம்பாசிடர், பத்மினி, ஸ்டாண்டர்ட் ஹெரால்டு எல்லாவற்றிலும் வண்டியைத் தள்ளியது பின்சக்கரம். "இன்ஜின் விசை எந்தச் சக்கரத்துக்குப் போகிறதோ அங்கே நல்ல டயர்" என்று யோசித்தாலும் அன்று விடை பின்பக்கம் என்றே வந்திருக்கும். காரணம் தப்பானாலும் விடை சரி. மாருதி 800 வந்தது 1983இல். பூந்தமல்லி தாண்டி இருங்காட்டுக்கோட்டையிலிருந்து சான்ட்ரோ வந்தது 1998இல். இரண்டிலும் முன்சக்கரம் இழுத்தது. அதே தர்க்கம் அப்படியே தொடர, விடை மட்டும் சத்தமில்லாமல் முன்பக்கம் நகர்ந்துவிட்டது. ஆனால் வாலை நேராக வைக்கும் பொறுப்பு அன்றும் பின் டயருக்குத்தான், இன்றும் பின் டயருக்குத்தான். இன்ஜின் எந்தப் பக்கம் தள்ளினாலும் அது மாறுவதில்லை.

கடையில் என்ன கேட்பது?

"பின்னாடி இருக்கறதைக் கழட்டி முன்னாடி போடுங்க, புதுசைப் பின்னாடி மாட்டுங்க" என்று தெளிவாகச் சொல்லிவிடலாம். நான்கு சக்கரத்தையும் கழற்ற வேண்டியிருப்பதால் வேலை கொஞ்சம் கூடும். அதோடு பேலன்சிங்கும் அலைன்மென்ட்டும் பார்த்துவிடுவது நல்லது.

புதுசு இரண்டும் ஒரே அச்சில் இருக்க வேண்டும். இடப்பக்கம் புதுசு, வலப்பக்கம் பழசு என்று கூடவே கூடாது. பள்ளத்தில் 5 மி.மீ. வித்தியாசம் என்றால், சுமார் 30 செ.மீ. ஆரமுள்ள சக்கரங்களில் பழசு ஒவ்வொரு கிலோமீட்டருக்கும் ஏறக்குறைய 9 சுற்று கூடுதலாகச் சுற்றும். இழுக்கும் அச்சில் இப்படி மாட்டினால், நேர் ரோட்டிலும் டிஃபரன்ஷியல் பற்சக்கரங்கள் ஓயாமல் அந்த வித்தியாசத்தைச் சமாளித்துக்கொண்டிருக்க வேண்டும். பிரேக் பிடித்தால் வண்டி ஒரு பக்கம் இழுக்கவும் செய்யும். எப்போதும் நான்கு சக்கரமும் இழுக்கும் வண்டிகளில் முன்பின் வித்தியாசமே ஆகாது. அவற்றுக்கு நான்கையும் சேர்த்து மாற்றுவதுதான் வழி. டயரின் பக்கச் சுவரில் தயாரிப்பு வாரமும் ஆண்டும் நான்கு இலக்கங்களாக இருக்கும். 2324 என்றால் 2024ஆம் ஆண்டின் 23ஆவது வாரம். பள்ளம் நன்றாக இருந்தாலும், வருடக்கணக்கில் கிடந்து இறுகிப்போன ரப்பர் ஈர ரோட்டைச் சரியாகப் பிடிக்காது. எனவே முன்னால் வரப்போகும் பழைய டயரின் வயதையும் பார்த்துவிடுங்கள். அதிலும் பள்ளம் 3 மி.மீ.க்குக் கீழே போயிருந்தால், இந்த விதியை நம்பி மழைக்காலத்தில் இறங்க வேண்டாம். பின்னால் புது டயர் இருப்பதால் கார் சுழலாது என்பது மட்டும்தான் லாபம். தேய்ந்த முன் டயர் சரியான தூரத்தில் வண்டியை நிறுத்தும் என்று யாரும் உத்தரவாதம் தரவில்லை.

முன்சக்கரம் இழுக்கும் காரில் முன் டயர் சீக்கிரம் தேயத்தான் செய்யும். இன்ஜின் பாரம், இழுவை, திருப்பம், பிரேக் எல்லாம் அதன் தலையில். காற்றைச் சரியாக வைத்து, 8,000 முதல் 10,000 கி.மீ.க்கு ஒருமுறை டயர்களை முன்பின்னாக மாற்றிவந்தால் நான்கும் ஒன்றுபோலத் தேயும். அடுத்த முறை கடைக்குப் போகும்போது செலவு இரட்டிப்பாக இருக்கும், ஆனால் இரண்டு தடவைக்குப் பதில் ஒரே தடவையாக. அதுவரை, இரண்டுக்கு மட்டும் காசு இருக்கும் நாட்களில், ஜாக்கி பின்பக்கமும் போகட்டும்.